நாற்றங்கால் ஓரிடம், நடவு வேறிடம்: கிராஸ் கம்பைலர் வந்த கதை



தலைப்பைப் பார்த்ததும் "பி.காம். படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று என் வகுப்புத் தோழிகள் கேட்பது இங்கே வரைக்கும் காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது, சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரை. காபி கலந்துகொண்டு வந்து உட்காருங்கள் :-)

எங்களுக்கு வெண்ணாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். தை மாதம் சம்பா அறுத்து, அப்பா நெல்லை விற்கக் கொண்டுபோனார். நெல்லை வாங்குகிறவர்கள் ஒரு கைப்பிடி எடுத்து மீட்டருக்குள் போட்டுப் பார்ப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. (மழை அதிகமான சில வருடங்களில் மத்திய அரசு இதைக் கொஞ்சம் தளர்த்துவதும் உண்டு.) எங்கள் நெல்லுக்கு மீட்டர் 17-ஐத் தாண்டிவிட்டது. திரும்பக் கொண்டுவந்து, களத்தில் கொட்டி, பனிக்குப் பயந்து ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடி, பகலில் திறந்து கிளறி... அதெல்லாம் டெல்டாவில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது சித்தப்பா பையன் வந்திருந்தான். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படிக்கிறான். "பெரியப்பா, அந்த மீட்டருக்குள்ள இருக்கறதும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான்" என்றான்.

அப்பா கிளறிக்கொண்டே கேட்டார். "அப்ப அதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு நீ பாத்துச் சொல்லேன்."

அவனால் சொல்ல முடியவில்லை. யாராலும் முடியாது. அது மூடிய பெட்டி. மீட்டர் தப்பாகக் காட்டியது என்று நான் சொல்ல வரவில்லை. சரியாகவே காட்டியிருக்கலாம். ஆனால் அப்பா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு விதை.

தம்பி ஒரு முடிவுக்கு வந்தான். மீட்டர் செய்ய முடியாவிட்டாலும், நெல் குவியலுக்குள் வெப்பமும் காற்றின் ஈரமும் எப்படி ஏறி இறங்குகிறது என்று மணிக்கணக்காகக் குறித்து வைக்கும் ஒரு கருவியாவது செய்யலாம் என்று. கையில் ஒரு பழைய ராஸ்பெர்ரி பை ஸீரோ போர்டு இருந்தது. விரல் நீள லினக்ஸ் கம்ப்யூட்டர். நிரலை என் அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியில் எழுதினான். அதில் இப்போது உபுண்டு 22.04 இருக்கிறது. கம்பைல் செய்தான், போர்டில் போட்டான், ஓட்டினான்.

'ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்' என்று வந்தது.

ஏதோ மாற்றி, நூலகங்களை எல்லாம் நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டி மறுபடி போட்டான். இந்த முறை இரண்டே வார்த்தை. 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்.' சட்டவிரோதமாம்! நெல்லுக்கும் இதே பதில், நிரலுக்கும் இதே பதில் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "இது வேற ஊரு நாத்துக்கா. நம்ம வயலுக்கு ஒத்துக்கல" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்ததுதான் இதெல்லாம்.

நாற்றங்கால்

நம் ஊரில் நெல்லை நேரடியாக வயலில் விதைப்பதைவிட, நாற்றங்காலில் விட்டுப் பறித்து நடுவதுதான் பழக்கம். நாற்று வளரும் இடம் வேறு, கதிர் விடும் இடம் வேறு. நாற்றங்கால் சின்னது, உரமும் தண்ணீரும் கவனிப்பும் அதிகம். வயல் பெரியது, ஆனால் நாற்றின் குழந்தைப் பருவத்தை அது தாங்காது.

கிராஸ் கம்பைலரும் இதுதான். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். மாற்றும் வேலைக்கே நிறைய நினைவகமும் வேகமும் வேண்டும். மீட்டர், ரௌட்டர், செட்டாப் பெட்டி, கார் எஞ்சின் இவற்றுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்களுக்கு அந்தச் சக்தி கிடையாது. அதனால் மேஜைக் கணினியில் மாற்றி, முடிந்த நிரலைக் கொண்டுபோய்ச் சின்னக் கருவியில் 'நடுகிறோம்'. மேஜைக் கணினியின் சிப்பும் கருவியின் சிப்பும் வேறு வேறு மொழி பேசுபவை. ஒன்றில் உட்கார்ந்துகொண்டு மற்றதன் மொழியில் எழுதித் தருவதால் 'கிராஸ்'.

கம்பைலர் மட்டும் போதாது. அசெம்பிளர், லிங்கர், சி மொழியின் அடிப்படை நூலகம், லினக்ஸ் கர்னலின் தலைப்புக் கோப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இந்தக் கூட்டணிக்குத்தான் டூல்செயின் என்று பெயர்.

பெரிய போர்டாக இருந்தால் அதிலேயே கம்பைல் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் தம்பியின் போர்டில் ஒரே ஒரு கோர், 512 எம்பி நினைவகம். அவன் ஒரு தரவுத்தளத்தையும் சேர்த்துக் கட்டுகிறான். பின்னால் இதைவிடச் சின்ன போர்டுக்கு மாறும் யோசனையும் இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு நாற்றங்கால் வேண்டும்.

காகித நாடாவில் வந்த யூனிக்ஸ்

இது புதிய தந்திரம் இல்லை. இன்றைய லினக்ஸுக்குப் பாட்டன் முறையான யூனிக்ஸே இப்படித்தான் பிறந்தது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனுக்கு அதிகம் யாரும் பயன்படுத்தாத ஒரு பிடிபி-7 கிடைத்தது. அதற்கான முதல் நிரல்களை அவர் அதில் எழுதவில்லை. ஜிஇ-635 என்ற பெரிய இயந்திரத்தில் எழுதி, அதிலேயே பிடிபி-7-இன் மொழிக்கு மாற்றி, காகித நாடாவில் துளையிட்டு, அந்த நாடாவைத் தூக்கிக்கொண்டு வந்து பிடிபி-7-இல் ஓட்டினார். பிடிபி-7 சொந்தக்காலில் நிற்கும் வரை இந்த நடைதான்.

1975-இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் 8800 என்ற கணினிக்கு பேஸிக் மொழி எழுதிய கதை பலருக்குத் தெரியும். எழுதி முடிக்கும் வரை அவர்கள் ஆல்டேரைத் தொட்டதே இல்லை என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. ஹார்வர்டின் பிடிபி-10 இயந்திரத்தில் ஆல்டேரின் 8080 சிப்பைப் போலவே நடிக்கும் ஒரு நிரலை ஆலன் எழுதினார். அதன் மேல் பேஸிக்கைச் சோதித்தார்கள். நாடாவோடு ஆலன் விமானம் ஏறி அல்புகெர்க்கி போனார். அங்கே நிஜ ஆல்டேரில் அது ஓடியது.

இரண்டு கதையிலும் ஒன்று பொது. சின்ன இயந்திரத்துக்கு எழுத, முதலில் ஒரு பெரிய இயந்திரத்தில் இடம் வேண்டும். பெல் ஆய்வகமும் ஹார்வர்டும் அந்த இடத்தைக் கொடுத்தன. இடம் இல்லாதவர்கள்? தஞ்சாவூரில் உட்கார்ந்திருப்பவர்கள்?

இலவசத்தை விற்ற கம்பெனி

அதற்கு விடை 1987-இல் வந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசி கம்பைலரை வெளியிட்டார். மூலநிரலோடு, யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்கும் அதே உரிமையோடு தர வேண்டும் என்ற உரிமத்தோடு. அதன் அமைப்பில் ஒரு பெரிய வசதி இருந்தது. ஒவ்வொரு சிப்பைப் பற்றிய விவரமும் தனிக் கோப்பில் இருக்கும். புதிய சிப் வந்தால் அந்த விவரங்களை எழுதிச் சேர்த்தால் போதும், மீதிக் கம்பைலர் அப்படியே இருக்கும்.

1989-இல் ஜான் கில்மோர், மைக்கேல் டீமன், டேவிட் ஹென்கல்-வாலஸ் மூவரும் கலிஃபோர்னியாவில் சிக்னஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். இங்கேதான் வணிகவியல் மாணவிக்குக் கண் விரிந்தது. அவர்கள் விற்ற பொருள் இலவசப் பொருள்! சிப் தயாரிக்கும் கம்பெனிகளிடம் போய், "உங்கள் சிப்புக்கு ஜிசிசி-யை நாங்கள் பொருத்தித் தருகிறோம், பராமரிக்கிறோம், அதற்குக் காசு கொடுங்கள்" என்றார்கள். கம்பெனிகள் கொடுத்தன. ஏனென்றால் கம்பைலர் இல்லாத சிப்பை யாரும் வாங்கமாட்டார்கள். செய்த வேலை உரிமத்தின்படி உலகத்துக்கே பொதுவானது. 1999-இன் கடைசியில் ரெட் ஹேட் சிக்னஸை வாங்குவதாக அறிவித்தது.

நம் பாஷையில் சொன்னால், டூல்செயின் என்பது நிலையான செலவு. நீங்கள் ஒரு கருவி செய்தாலும் பத்து லட்சம் கருவி செய்தாலும் அதே செலவு. அப்போது விலைக்கு விற்ற கம்பைலர்கள் ஓர் ஆளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்டன. பெரிய கம்பெனிக்கு அது தூசு. நாலு பேர் சேர்ந்து தொடங்குபவர்களுக்கு அது வாசலில் போட்ட பூட்டு. அந்தச் செலவை உலகமே சேர்ந்து ஏற்றுக்கொண்டால் பூட்டு திறந்துவிடும்.

விதைநெல் சிக்கல்

திறந்தது என்றதும் எல்லாம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். விலை இல்லை, ஆனால் வேலை உண்டு. லினக்ஸ் கருவிக்கு டூல்செயின் கட்டுவதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஜிசிசி முழுமையாக வேலை செய்ய அந்தச் சிப்புக்கான சி நூலகம் வேண்டும். சி நூலகத்தைக் கட்டவோ அந்தச் சிப்புக்கான ஜிசிசி வேண்டும். நெல் இருந்தால்தான் விதை, விதை இருந்தால்தான் நெல்!

அவிழ்க்கும் வழி இதுதான். முதலில் அசெம்பிளரும் லிங்கரும் கட்ட வேண்டும். பிறகு நூலகம் எதையும் எதிர்பார்க்காத, சி மொழி மட்டும் தெரிந்த ஒரு அரைகுறை ஜிசிசி. கர்னலின் தலைப்புக் கோப்புகளை எடுத்து வைத்து, அந்த அரைகுறை ஜிசிசி-யைக் கொண்டு சி நூலகத்தைக் கட்ட வேண்டும். நூலகம் வந்ததும் ஜிசிசி-யை மறுபடி, இந்த முறை முழுசாக. ஒரே கம்பைலரை இரண்டு தடவை. எந்தப் படியிலும் பதிப்புகள் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ நடுவில் நின்றுவிடும், ஏன் நின்றது என்றும் புரியாது.

இதில் மூன்று சொற்கள் வரும். பில்ட் என்பது டூல்செயினைக் கட்டும் இயந்திரம். ஹோஸ்ட் என்பது அந்த டூல்செயின் ஓடப்போகும் இயந்திரம். டார்கெட் என்பது அது யாருக்காக நிரல் தயாரிக்கிறதோ அந்த இயந்திரம். மூன்றும் மூன்று வெவ்வேறாக இருந்தால் அதற்கு 'கனடியன் கிராஸ்' என்று பெயர். ஏன் கனடா? இந்தப் பெயரை வைத்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தனவாம், அவ்வளவுதான் :-) நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் எத்தனை கூட்டணி சேர்த்திருப்போமோ!

பெங்களூரின் சிம்ப்யூட்டர்

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். சின்ன லினக்ஸ் கருவி என்றால் இந்தியாவில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சிம்ப்யூட்டர். 1998-இல் பெங்களூரில் நடந்த ஒரு தகவல் தொழில்நுட்ப மாநாட்டையொட்டி எழுந்த யோசனை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் மொழியில் பயன்படுத்தக்கூடிய, கிராமத்துக்கே பொதுவாக ஒன்று வைத்துக்கொள்ளக்கூடிய, மலிவான கையடக்கக் கணினி. ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்மார்ட் கார்டு. கார்டைச் செருகினால் கருவி அவருடையது, எடுத்தால் அடுத்தவருடையது.

இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த வினய் தேஷ்பாண்டே முதலியவர்களும் சேர்ந்து 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தார்கள். 2001 ஏப்ரலில் மாதிரிக் கருவியைக் காட்டினார்கள். உள்ளே இன்டெல்லின் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110 சிப், 32 எம்பி நினைவகம், லினக்ஸ். ஒன்பதாயிரம் ரூபாய்க்குத் தர முடியும் என்பது கணக்கு. அதே வருடக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் இதை வெகுவாகப் பாராட்டி எழுதினார்.

32 எம்பி நினைவகத்தில் ஜிசிசி-யை உட்கார வைத்துக் கம்பைல் செய்ய முடியாது. அந்தக் காலத்தில் எஸ்ஏ-1110-இல் லினக்ஸ் என்றால், மேஜைக் கணினியில் ஆர்ம் சிப்புக்கான ஜிசிசி-யை வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் வழி. இங்கே ஒரு அதிர்ஷ்டம். இதே சிப் 2000-இல் வந்த காம்பேக் ஐபேக் என்ற விலை உயர்ந்த கைக்கணினியிலும் இருந்தது. காம்பேக்கின் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களே அதில் லினக்ஸை ஏற்றி ஹேண்ட்ஹெல்ட்ஸ் என்ற தளத்தில் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அதற்கும் அடியில், ஆர்ம் சிப்புக்கு லினக்ஸைக் கொண்டுவந்த ரஸ்ஸல் கிங், எஸ்ஏ-1100 குடும்பத்தைப் பராமரித்த நிகோலா பித்ரே. அப்போதைய கர்னல் பதிப்பின் பெயரிலேயே 'ஆர்எம்கே', 'என்பி', 'ஹெச்ஹெச்' என்று வரிசையாகப் பின்னொட்டு இருக்கும். யார் யார் கை பட்டது என்று சொல்லும் கொடிவழி. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர் போடுவது மாதிரி.

அந்தச் சிப்புக்கு எழுதிய எல்லோரையும் படுத்திய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். எஸ்ஏ-1110-இல் தசமக் கணக்கு போடும் தனிப் பகுதி கிடையாது. அன்றைய ஆர்ம் கம்பைலர்கள் வழக்கமாக அந்தப் பகுதி இருப்பதாக நினைத்துக்கொண்டே கட்டளை எழுதும். ஒவ்வொரு தசமக் கணக்குக்கும் சிப் திணறும், கர்னல் ஓடிவந்து அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கும். வேலை நடக்கும், ஆனால் ஆமை வேகம். மாற்று வழி, கணக்கை மென்பொருளிலேயே போடும்படி டூல்செயினைக் கட்டுவது. ஆனால் அப்படிக் கட்டினால் எல்லா நூலகங்களையும் அப்படியே கட்ட வேண்டும். பாதி இப்படி, பாதி அப்படி என்றால் விடை தப்பாக வரும். இந்த முடிவை டூல்செயின் கட்டும் முதல் நாளே எடுத்தாக வேண்டும். சம்பாவுக்கு சி.ஆர். 1009 விடுவதா, குறுவைக்கு ஆடுதுறை 43 விடுவதா என்பதை நாற்றங்காலிலேயே முடிவு செய்கிற மாதிரி. நட்ட பிறகு மாற்ற முடியாது.

சிம்ப்யூட்டர் கடைசியில் என்ன ஆனது? பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபீட்டா நிறுவனமும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து 2004 மார்ச்சில் 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தன. கையை அசைத்தால் அதை உணரும் சென்சார்கூட அதில் இருந்தது. ஐஃபோன் வர இன்னும் மூன்று வருடம் இருந்தது, கவனியுங்கள். ஆனால் விலை பத்தாயிரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் இருந்தது. விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது. 2003-லேயே ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு செல்ஃபோன் கொடுக்க ஆரம்பித்திருந்தது. கிராமத்துக்கு ஒரு கணினி என்ற கணக்கை ஆளுக்கொரு ஃபோன் என்ற கணக்கு அடித்துவிட்டது. ஆயிரக்கணக்கில் செய்தால் ஒரு விலை, கோடிக்கணக்கில் செய்தால் வேறு விலை. எங்கள் முதல் வருடப் பாடம்.

இதைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். எனக்கு மனது வரவில்லை. சந்தையில் தோற்றது கருவி. ஆனால் ஒரு கல்லூரி வளாகத்தில் இருந்த சிலர், யாரிடமும் அனுமதி கேட்காமல், கர்னல் முதல் திரை வரை தங்களுக்குத் தெரிந்த ஒரு கணினியைச் செய்தார்கள். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் அவர்களால் பதில் சொல்லியிருக்க முடியும். பூட்டு திறந்திருந்ததால்தான் அது நடந்தது.

செய்முறையைப் பொதுவில் வைத்தவர்கள்

கருவித்தொகுப்பு பொதுவானது, ஆனால் அதைக் கட்டும் கைப்பக்குவம்? அது ரொம்ப நாள் தெரிந்தவர் கையிலேயே இருந்தது. எந்த ஜிசிசி-யோடு எந்த நூலகம் பொருந்தும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2003 வாக்கில் டான் கெகல் என்பவர் 'கிராஸ்டூல்' என்ற ஸ்கிரிப்டை வெளியிட்டார். மேலே சொன்ன இரண்டு தடவைக் கட்டும் வேலையை அது தானே செய்யும். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் போட்ட அட்டவணை. எந்தச் சிப், எந்த ஜிசிசி, எந்த நூலகம் சேர்ந்தால் வேலை செய்கிறது, எது உடைகிறது என்று கட்டம் கட்டமாக. வெற்றியை மட்டும் அல்ல, தோல்வியையும் எழுதி வைத்தார். அதே 2003-இல் கரீம் யாக்மூர் எழுதிய, சிறு லினக்ஸ் கருவிகளைக் கட்டுவது பற்றிய புத்தகமும் வந்தது. டூல்செயினைக் கையால் கட்டும் படிகள் அதில் விளக்கமாக இருந்தன.

2007-இல் பிரான்ஸைச் சேர்ந்த யான் மோரின், கிராஸ்டூலைப் பின்பற்றி 'கிராஸ்டூல்-என்ஜி' தொடங்கினார். கர்னலுக்கு இருப்பது போலவே மெனு. தேர்ந்தெடுக்க வேண்டியது, சேமிக்க வேண்டியது, காத்திருக்க வேண்டியது. இன்னொரு பக்கம், சிறிய சி நூலகமான யூசிலிப்சி-யின் ஆட்கள் தங்கள் நூலகத்தைச் சோதிக்க எழுதிய 'பில்ட்ரூட்', டூல்செயின் மட்டுமில்லாமல் கருவிக்கான முழு லினக்ஸையும் கட்டித்தரும் தனித் திட்டமாக வளர்ந்தது. 2010-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் யாக்டோ திட்டத்தை அறிவித்தது. அது பெரிய கம்பெனிகளின் விருப்பம்.

எங்கள் இரண்டு பிழைகள்

இப்போது தம்பியின் பிழைகளுக்கு வருவோம். இரண்டுக்கும் பின்னால் வரலாறு இருக்கிறது.

முதல் பிழை: ஜிலிப்சி 2.34. அது 2021 ஆகஸ்டில் வந்த சி நூலகப் பதிப்பு. அதில் நிரலைத் தொடங்கி வைக்கும் அடிப்படைச் செயல்பாட்டுக்கே புதுப் பதிப்பு முத்திரை குத்தினார்கள். ஆகவே 2.34-லோ அதற்குப் பின்னாலோ கட்டிய எந்த நிரலும், 'வணக்கம்' என்று அச்சடிக்கும் நிரல்கூட, பழைய நூலகத்தில் ஓடாது. உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35. தம்பியின் போர்டில் இருந்தது 2.31.

இரண்டாம் பிழை இன்னும் பழைய கதை. தசமக் கணக்குப் பகுதியோடு கூடிய ஆர்ம் சிப்புகளுக்கென்று டெபியன் ஒரு தனிப் பிரிவு தொடங்கியபோது, குறைந்தபட்சம் ஏழாம் தலைமுறை ஆர்ம் வேண்டும் என்று வரம்பு வைத்தது. உபுண்டுவும் அதே வரம்பு. ஆனால் 2012-இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை ஆறாம் தலைமுறை. தசமப் பகுதி அதில் உண்டு, தலைமுறைதான் பழசு. நடுவில் மாட்டிக்கொண்டது. மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர் டெபியனின் தொகுப்புகளை ஆறாம் தலைமுறைக்காக மறுபடி கட்டி அதே வருடம் ராஸ்பியன் என்று வெளியிட்டார்கள். பை ஸீரோவும் அதே பழைய சிப்தான். உபுண்டுவின் கிராஸ் கம்பைலர் ஏழாம் தலைமுறைக் கட்டளை எழுதியது, ஆறாம் தலைமுறைச் சிப் "இது என்ன பாஷை?" என்றது. அதுதான் அந்தச் சட்டவிரோதம்.

ஆக, டூல்செயின் கட்டும்போது கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. சிப் எந்தத் தலைமுறை, தசமக் கணக்கு எப்படி? கருவியில் உள்ள சி நூலகம் எந்தப் பதிப்பு? கர்னல் எந்தப் பதிப்பு? நாற்றங்காலில் இருப்பது வயலில் இருப்பதைவிடப் புதுசாக இருக்கக்கூடாது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் எங்களுக்கு நான்கு நாள் மிச்சமாகியிருக்கும்.

சென்னையில் ஒரு சிப்

முடிக்கும் முன் ஒன்று. இதுவரை சொன்ன சிப் எல்லாம் வெளியே செய்தவை. டூல்செயின் நம்முடையதானாலும் சிப்பின் மொழி அவர்களுடையது. 2010-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சிப் மொழி தொடங்கியது. யாரும் அதில் சிப் செய்யலாம், உரிமக் கட்டணம் இல்லை. அதை வைத்துச் சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு 'சக்தி' என்ற பெயரில் சிப்புகளை வடிவமைத்தது. 2018-இல் முதல் சிப்புகள் வந்தன. ஒன்று இன்டெல்லின் ஆலையில் அச்சாகி லினக்ஸை ஓட்டியது. இன்னொன்று சண்டிகரில், நம் நாட்டு ஆலையிலேயே அச்சானது.

தேதிகளைப் பாருங்கள். ஜிசிசி-யில் ரிஸ்க்-ஃபைவ் சேர்ந்தது 2017. லினக்ஸ் கர்னலில் 2018 ஜனவரி. ஜிலிப்சி-யில் 2018 பிப்ரவரி. சிப் அச்சாகி வருவதற்குள் உலகம் முழுக்க இருந்தவர்கள் சேர்ந்து நாற்றங்காலைத் தயார் செய்துவிட்டார்கள். புதிய சிப்பின் மொழிக்காகச் சென்னைக்காரர்கள் தனியாக ஒரு கம்பைலரை முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கவில்லை. 1987-இல் போட்ட விதை இது.

கடைசியாக

நாங்கள் என்ன செய்தோம்? கிராஸ்டூல்-என்ஜி இறக்கி, மெனுவில் ஆறாம் தலைமுறை ஆர்ம், தசமக் கணக்கு சிப்பிலேயே, ஜிலிப்சி 2.31, போர்டில் உள்ளதைவிடப் பழைய கர்னல் தலைப்புகள் என்று கொடுத்து, ராத்திரி பத்து மணிக்கு ஓடவிட்டோம். நடுவில் மின்சாரம் போய்விடுமோ என்று பயம். பழைய மடிக்கணினியின் விசிறி அரவை மில் மாதிரி கத்தியது. அம்மா இரண்டு தடவை எழுந்து வந்து என்ன சத்தம் என்று பார்த்தார். விடிகாலையில் முடிந்திருந்தது. நிரலைக் கம்பைல் செய்து போர்டில் போட்டதும் முதல் வரி வந்தது. வெப்பம் 31.4.

அந்தப் போர்டு ஈரப்பத மீட்டர் ஆகிவிடாது. நெல்லின் ஈரத்தை நேராக அளக்கும் சென்சார் அதில் இல்லை. தராசில் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பும் கிடையாது. ஆனால் அப்பா வந்து பார்த்தார். "இதுக்குள்ள என்ன எழுதியிருக்கு?" என்றார். தம்பி மடிக்கணினியைத் திருப்பி, ஒவ்வொரு வரியாகக் காட்டி, இது சென்சாரைக் கேட்கிறது, இது எண்ணாக மாற்றுகிறது, இது எழுதி வைக்கிறது என்று சொன்னான். அப்பாவுக்கு முழுக்கப் புரிந்திருக்காது. ஆனால் கடைசி வரை நின்று கேட்டார்.

எந்தக் கருவியை வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். அதைச் செய்யும் கருவி நம்மிடமும் இருந்தால்தான் அப்பா கேட்ட மாதிரி கேள்வி கேட்க முடியும், பதிலும் கிடைக்கும். இத்தனை பேர் இத்தனை வருடமாக நாற்றங்காலைப் பொதுவில் வைத்ததன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்த மெனுவில் நாங்கள் தேர்ந்தெடுத்தவை எல்லாம் ஒரே ஒரு சின்னக் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறோம். விதைநெல் மாதிரி :-) பை ஸீரோ வைத்துக்கொண்டு திண்டாடுபவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்களுக்கு ஒரு ராத்திரியாவது மிச்சமாகும்.